மேற்பார்வையில் ஒரு வருடம்

பலகையைக் கழற்ற வந்த தச்சர் முதலில் கதவைத் தட்டினார். உள்ளே பேராசிரியை மட்டும்தான் இருந்தார்.

"மேடம், இந்த போர்டை எடுக்கச் சொல்லி ஆபீஸ்ல சொன்னாங்க. இப்ப எடுக்கலாமா, இல்ல யாராவது பேசிட்டிருக்காங்களா?"

"யாரும் இல்ல. எடுத்துக்கோங்க."

சொல்லிவிட்டு, ஏதோ தலைபோகிற வேலை இருப்பதுபோல மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார் பேராசிரியை. வெளியே திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. 'உளவியல் ஆலோசனை அறை' என்ற பலகை அது. பல்கலைக்கழக நூலகத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில், பழைய செய்தித்தாள்கள் அடுக்கிவைக்கும் அறைக்கு அடுத்த அறை. இரண்டு நாற்காலிகள், ஒரு சின்ன மேசை, அழுகிறவர்களுக்காக ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. அதற்கு மேல் எதுவும் கிடையாது. அந்த அறையில்தான் அவர் பாடவேளை போக மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து மாணவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். தேர்வில் தோற்றவர்கள், காதலில் தோற்றவர்கள், காரணமே தெரியாமல் காலையில் எழுந்திருக்க முடியாதவர்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'காது மேடம்'. அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

இனி அந்த அறையில் உட்கார அவருக்கு அனுமதி இல்லை. புதுச் சட்டம் வந்துவிட்டது. முதுகலைப் பட்டம் வாங்கி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் ஒரு வருடம் இன்னொருவரின் மேற்பார்வையில் பயிற்சி எடுத்து, அதன்பிறகு இதற்கென்று அரசு அமைத்த மன்றத்தின் உரிமம் பெற்றவர்கள் மட்டும்தான் ஆட்களைப் பார்க்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படியொரு சட்டம் வேண்டும் என்று மேடைக்கு மேடை தொண்டை வறளப் பேசியவர்களில் பேராசிரியையும் ஒருவர். முந்தாநாள்வரை செல்போன் கடை வைத்திருந்தவன் இன்று மனநல நிபுணர் என்று பலகை மாட்டுகிறான், கேட்பாரில்லையா என்று கேட்டவர் அவர். இப்போது கேட்பார் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் அவருடைய பலகையையும் சேர்த்தே கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

அவர் படித்த காலத்தில் பயிற்சி வருடம் என்ற ஒன்றே இல்லை. புத்தகம் படித்தார், தேர்வு எழுதினார், முனைவர் பட்டம் வாங்கினார், வேலைக்குச் சேர்ந்தார். பழைய ஆட்களுக்குச் சட்டத்தில் ஒரு சலுகை இருக்கத்தான் செய்தது. யாருடைய மேற்பார்வையிலாவது வேலை செய்ததாகச் சான்று காட்டினால் போதும். ஆனால் அவரை மேற்பார்வையிட ஆள் ஏது? அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி உட்கார்ந்த முதல் ஆள் அவர்தான். அவர் பேசியதை அவரும் எதிரே இருந்தவரும் தவிர வேறு யாரும் கேட்டதே இல்லை.

துறைத்தலைவர் அன்று பிற்பகலே அவரை அழைத்தார். துறைத்தலைவர் எலிகளின் ஞாபகசக்தியை ஆராய்பவர். எலிகள் யாரும் போய் மன்றத்தில் புகார் கொடுக்கப்போவதில்லை என்பதால் அவருக்கு உரிமம் தேவைப்படவில்லை.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது மேடம்," என்றார். "ஆனா விஷயம் உங்களோட நிக்கல. ஆலோசனைப் பிரிவு முதுகலை நடத்தணும்னா லைசென்ஸ் உள்ள டீச்சர் மூணு பேர் வேணும்னு மன்றம் சொல்லுது. சின்னவங்க ரெண்டு பேர்கிட்ட இருக்கு. மூணாவது ஆள் நீங்கதான். நீங்க எடுக்கலைன்னா அட்மிஷனை நிறுத்திடுவாங்க."

"புதுசா ஒருத்தரை எடுக்கச் சொல்லுங்களேன்."

"எலிக்குத் தீனி வாங்கவே கையெழுத்துக்கு நாயா அலையறேன். ஆள் எடுக்க விடுவாங்களா?"

பேராசிரியை சற்று யோசித்தார். "எங்க போய் அந்தப் பயிற்சியைச் செய்யறது?"

"நம்ம ஊர்ல அங்கீகாரம் இருக்கறது அரசு மருத்துவமனை ஒண்ணுக்குத்தான்."

"அங்க மேற்பார்வையாளர் யாரு?"

துறைத்தலைவர் தன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடுவதுபோலப் பார்த்தார். "உங்க பழைய ஸ்டூடண்ட்தான் மேடம். ஜன்னலோரமா கடைசி பெஞ்ச்ல உட்காருவாளே, அந்தப் பொண்ணு."

பேராசிரியைக்கு முகம் நினைவுக்கு வந்தது, குரல் வரவில்லை. வகுப்பில் அந்தப் பெண் பேசி அவர் கேட்டதே இல்லை. மதிப்பெண் சுமார். வருகைப்பதிவு எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவாள். மற்ற ஆசிரியர்களோடு பேசும்போது அவளை 'கடைசி பெஞ்ச்' என்றுதான் பேராசிரியை சொல்வது வழக்கம். 

மருத்துவமனையில் முதல் நாள், பயிற்சியாளர்கள் வரிசையில் அவரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் நின்றவர்களெல்லாம் அவருக்கு மகன், மகள் வயது. கழுத்தில் மாட்டிய அட்டையில் 'பயிற்சியாளர்' என்று இருந்தது. மாடிப்படியில் எதிரே வந்த நர்ஸ் ஒருத்தி அவர் நரைத்த தலையை மட்டும் பார்த்துவிட்டு, "நோயாளியோட அம்மாவா? பார்வையாளர் நேரம் சாயங்காலம்தாம்மா," என்றாள். பேராசிரியை அட்டையைத் தூக்கிக் காட்டினார். நர்ஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு போனாள்.

கடைசி பெஞ்ச் எழுந்து நின்று வரவேற்றாள். இப்போது அவளுக்கென்று ஓர் அறை, கதவில் பெயர்ப்பலகை, மூக்கில் ஒரு கண்ணாடி. பேச்சு மட்டும் அப்போது போலவே சிக்கனம்.

"உட்காருங்க மேடம்."

"இனிமே நீ என்னை மேடம்னு கூப்பிடக்கூடாது. நான்தான் உன்னைக் கூப்பிடணும்."

"நீங்க என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க. நான் மேடம்னுதான் கூப்பிடுவேன். ஆனா ரிப்போர்ட்ல பயிற்சியாளர்னுதான் எழுதுவேன். அதுல வித்தியாசம் காட்ட முடியாது."

"காட்ட வேண்டாம்," என்றார் பேராசிரியை. குரல் தான் நினைத்ததைவிடக் கொஞ்சம் விறைப்பாக வந்துவிட்டதென்று அவருக்கே தெரிந்தது.

அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் ஆள் ஒரு பேருந்து ஓட்டுநர். நல்ல உயரம், கட்டையான மீசை, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்காரும் மனிதர். சில மாதங்களுக்கு முன் ஒரு வளைவில், வேண்டுமென்றே ஓர் ஆள் அவர் பேருந்துக்கு முன்னால் வந்து விழுந்துவிட்டான். பிழைக்கவில்லை. விசாரணையில் ஓட்டுநர்மேல் தவறில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அதன்பிறகு அவரால் ஓட்டுநர் இருக்கையில் ஏற முடியவில்லை. ஏறினால் கால் நடுங்குகிறது, சட்டை நனைந்துவிடுகிறது. டிப்போவில் அவரை டிக்கெட் கட்டு எண்ணும் வேலையில் போட்டு வைத்திருந்தார்கள்.

பேராசிரியைக்கு இது கைவந்த கலை. இதமாகப் பேசினார். உங்கள்மேல் தவறில்லை என்று எடுத்துச் சொன்னார். அந்த இடத்தில் யார் இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றார். ஓட்டுநர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். போகும்போது, "உங்ககிட்ட பேசினா மனசு லேசாகுது மேடம்," என்று கும்பிட்டார். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு முறையும் மனசு லேசாகித்தான் போனார். அறையின் ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி பதித்திருந்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் கடைசி பெஞ்சுக்கு ஜன்னல். ஓட்டுநரிடம் முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கியாயிற்று. அவர் அதை மறந்தேவிட்டார். பேராசிரியையால்தான் மறக்க முடியவில்லை. பேச்சின் நடுவே கண்ணாடியில் தன் முகம் தெரியும். நன்றாகத்தான் செய்கிறோம் என்று அந்த முகம் தனக்கே சொல்லிக்கொள்வது போலிருக்கும்.

மாத முடிவில் கடைசி பெஞ்ச் அவரை உட்காரவைத்து, ஓட்டுநரோடு நடந்த பேச்சின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் கேட்டார்கள். தன் குரல் இவ்வளவு நேரம் பேசும் என்று பேராசிரியைக்குத் தெரியாது.

"அவருக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம்," என்றாள் கடைசி பெஞ்ச்.

"அது முக்கியம்தானே?"

"முக்கியம்தான். ஆனா அவர் இன்னும் பஸ்ல ஏறல."

கடைசி பெஞ்ச் பதிவைப் பின்னுக்கு ஓட்டினாள்.

"இந்த இடத்தைக் கேளுங்க. அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தறார். உடனே நீங்க ஆரம்பிச்சிடறீங்க. இங்கயும். இதோ, இங்கயும். அவர் வாயை மூடினதும் நீங்க திறந்துடறீங்க. அவர் பேசாம இருக்கும்போது உங்களுக்கு என்ன ஆகுது மேடம்?"

"ஒண்ணும் ஆகல."

"சரி," என்றாள் கடைசி பெஞ்ச். சொல்லிவிட்டு அவளும் பேசாமல் இருந்தாள்.

மின்விசிறி சுற்றியது. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். பேராசிரியைக்குக் காதுமடல் சூடேறியது. "நீ பிறக்கறதுக்கு முன்னாலயே நான் இந்தப் பாடத்தைப் படிச்சவ," என்று தொடங்கினார். "எத்தனை பிள்ளைங்க என் முன்னால உட்கார்ந்து அழுதிருக்காங்க தெரியுமா? ஒருத்தராவது எழுந்து போகும்போது சிரிக்காமப் போனதில்ல. புத்தகத்துல இருக்கற நுணுக்கத்தை எல்லாம் வச்சு மனுஷங்களை அளக்க முடியாது. அனுபவம்னு ஒண்ணு இருக்கு." இன்னும் என்னவெல்லாமோ சொன்னார். சொல்லி முடித்தபோதுதான், அந்த அறையில் அமைதியாக இருந்தவள் அவள், பொறுக்கமாட்டாமல் உடைத்தவர் தான் என்பது உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த வாரம் அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை.

பல்கலைக்கழகக் குடியிருப்பில், மேல்மாடியில் அவருடைய வீடு. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஆராய்ச்சிப் படிப்பு குறுக்கே நின்றது. படிப்பு முடிந்தபோது பேச்சு நின்றுவிட்டது. அதற்காக அவர் பெரிதாக வருந்தியதாகச் சொல்ல முடியாது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வானொலியைப் போடுவது வழக்கம். செய்தி, பாட்டு, உரம் பற்றிய பேச்சு, எதுவானாலும் சரி, ஏதாவது ஒரு குரல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். தூங்கும்போதுதான் அணைப்பார்.

வெளியூரில் இருக்கும் தம்பி ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். அவர் நடந்ததைச் சொன்னார்.

"உனக்கென்ன தலையெழுத்தாக்கா? நேத்துப் பொறந்ததுங்ககிட்ட போய் மார்க் வாங்கணும்னு? விட்டுத் தள்ளு. பேசாம ரிடையராகி எங்க வீட்டுக்கு வந்துடு. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு."

"அதுல உன் பொண்டாட்டி தையல் மெஷின் வச்சிருக்கால்ல?"

"அதை ஹால்ல போட்டுக்கலாம்."

பின்னாலிருந்து தம்பி மனைவி ஏதோ சொன்னது கேட்டது. என்னவென்று புரியவில்லை. தம்பி, "சரிக்கா, வச்சிடறேன், கேஸ்காரன் வந்திருக்கான்," என்று வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமையில் எந்த கேஸ்காரன் வருவான் என்று நினைத்து பேராசிரியை சிரித்தார். சிரித்த சத்தம் வீட்டுக்குப் பொருந்தாமல் தனியாக நின்றது.

அவர் எழுந்துபோய் வானொலியை அணைத்தார். அணைத்துவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். குளிர்பெட்டியின் முனகல், கீழ்வீட்டுக் குழாய், வெகுதூரத்தில் ஒரு நாய். எழுந்துபோய் வானொலியை மறுபடி போடத் தோன்றியது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், இதுதான் ஆகிறது. ஆளில்லாத வீட்டில் இருப்பது போல ஆகிறது. எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் அப்படித்தான் ஆகியிருக்கிறது, அதனால்தான் பேசியிருக்கிறார், இத்தனை வருடமும்.

அதற்குப்பின் வந்த நினைப்புதான் அவரை வாட்டியது. ஆலோசனை அறைக்கு ஒரு மாணவி படிப்பு முடியும்வரை வாராவாரம் வந்தாள். கடைசி நாளில் பூங்கொத்து கொடுத்தாள். அதைத் தன் பெரிய வெற்றி என்று பேராசிரியை வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறார். அவள் எதற்காக வந்தாளோ அது தீர்ந்ததா? தீர்ந்திருந்தால் ஏன் அத்தனை காலம் வந்தாள்? கேட்கத் தோன்றவே இல்லை. கேட்கச் சொல்லவும் யாரும் இல்லை. காது மேடம் என்று பெயர் வைத்த பிள்ளைகள் அன்பில் வைத்தார்களா, கேலியில் வைத்தார்களா என்று முதன்முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது. இதைப் போய் யாரிடம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். ஒருவர் பெயரும் வரவில்லை.

மறுவாரம் அவர் போனார். கடைசி பெஞ்ச் நாற்காலியைக் காட்டினாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

"போன வாரம் நான் வரல," என்றார் பேராசிரியை.

"தெரியும். ட்ரைவர் வந்திருந்தார். நீங்க இல்லன்னதும், வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்னு போயிட்டார்."

"அவ்வளவு நம்பிக்கை."

"அதுதான் மேடம் எனக்குப் பயமா இருக்கு."

பேராசிரியை பையைக் கீழே வைத்தார். "நீ கேட்டதுக்குப் பதில் கண்டுபிடிச்சேன்," என்றார் மெதுவாக. "அவர் பேசாம இருந்தா, அவர் எழுந்து போயிட்ட மாதிரி இருக்கு எனக்கு."

கடைசி பெஞ்ச் தலையசைத்தாள். பிறகு, லேசாகச் சிரித்தபடி, "உங்க க்ளாஸ்ல நான் பேசினதே இல்லன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா மேடம்? பேசணும்னுதான் நினைப்பேன். இடமே கிடைக்காது," என்றாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் சுருக்கென்று தைத்திருக்கும். அவள் சொன்ன விதத்தில் பேராசிரியைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. 

அந்த வாரம் ஓட்டுநர் வந்தபோது, பேராசிரியை வணக்கம் சொல்லிவிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். தூக்கம் பரவாயில்லை, சாப்பாடு பரவாயில்லை. சொல்லி முடித்துவிட்டு, இவர் தொடங்குவார் என்று காத்திருந்தார். இவர் தொடங்கவில்லை. ஓட்டுநர் முழங்காலைத் தடவினார். கூரையைப் பார்த்தார். சொல்ல வேண்டிய ஆறுதல் பேராசிரியையின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதை விழுங்கினார். மறுபடி வந்தது, மறுபடி விழுங்கினார்.

"என் மேல தப்பில்லன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றார் ஓட்டுநர் கடைசியில். "நீங்களும் சொன்னீங்க."

"ம்."

"அப்படிச் சொன்னதும் அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது?"

பேராசிரியை அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான் சிரிச்சிட்டிருந்தேன் மேடம். கண்டக்டர் ஏதோ ஜோக் சொன்னான். வாய்விட்டுச் சிரிச்சிட்டே ரோட்டைத் திரும்பிப் பார்க்கறேன், அந்த ஆள் நிக்கறான். என் முகத்தை நேராப் பார்த்தான். அடுத்த நிமிஷம் கீழ." அவர் தொண்டையைச் செருமினார். "சாகப்போறவன் கடைசியாப் பார்த்த மூஞ்சி என் மூஞ்சி. அது அவனைப் பார்த்துச் சிரிக்குது. இதை வீட்லகூட சொல்லல. சொன்னா அதுக்கும் தப்பில்லன்னுதான் சொல்லுவாங்க."

முன்பிருந்த பேராசிரியையிடம் இதற்கும் ஓர் ஆறுதல் இருந்திருக்கும். "அவர் உங்களைப் பார்த்தாரு," என்று மட்டும் சொன்னார். ஓட்டுநர் முழங்காலிலிருந்து கைகளை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. அவர் அழுது முடிக்கும்வரை பேராசிரியை அசையவில்லை. கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தையும் அன்று அவர் பார்க்கவில்லை.

அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது. கடைசி பெஞ்ச் படிப்படியாகத் திட்டம் போட்டுக் கொடுத்தாள்: முதலில் டிப்போ வாசல், பிறகு நிறுத்தியிருக்கும் பேருந்து, பிறகு ஓட்டுநர் இருக்கை. பேராசிரியையும் கூடவே போனார். எண்ணெயும் புகையும் கலந்த அந்தக் கொட்டகையில், ஒரு காலிப் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். ஓட்டுநர் சாவியைத் தொட்டுத் தொட்டுக் கையை எடுத்தார். காற்றில்லை; இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. கடைசியில் சாவியைத் திருகினார். பேருந்து முழுவதும் அதிர்ந்து, கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. அவர் இஞ்சினை அணைக்கவில்லை. நடுக்கம் வந்து, உச்சிக்குப் போய், தானாக இறங்கும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"இறங்கலாமா மேடம்?" என்றார் திரும்பாமலே.

"உங்க இஷ்டம்."

"இன்னும் கொஞ்சம் இருக்கேன்."

மழைக்காலம் முடிவதற்குள் அவர் மறுபடி வழித்தடத்தில் ஓட்டத் தொடங்கிவிட்டார். கடைசியாக ஒருமுறை வந்தார். சீருடையில் வந்தார். பேச்சு சுருக்கமாக முடிந்துவிட்டது. "இனிமே வர வேண்டியிருக்காதுன்னு நினைக்கறேன் மேடம்," என்றார். "டியூட்டி நேரமும் ஒத்துவராது."

"நல்லது. தேவைன்னா கதவு திறந்துதான் இருக்கும்."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். மனசு லேசானதாகச் சொல்லவில்லை. வாசலில் திரும்பிப் பார்க்கவும் இல்லை. போன வேகத்தைப் பார்த்தால், அன்றைக்கே பேராசிரியையின் முகம் அவருக்குப் பாதி மறந்திருக்கும். சரியாகச் செய்த வேலைக்கு இதுதான் கூலி என்று பேராசிரியைக்குப் புத்தியில் தெரிந்தது. ஆனாலும் காலியான அந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போடும்போது கை கனத்தது.

இருட்டறையிலிருந்து வெளியே வந்த கடைசி பெஞ்ச் நாற்காலிக்கு மறுபக்கம் கை கொடுத்தாள்.

"மேடம், வீட்ல யார்கூடப் பேசுவீங்க?"

"தம்பி. ஞாயித்துக்கிழமை."

"மத்த நாள்?"

"பாடம் நடத்தறேனே, போதாதா?"

அவள் சிரிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "நான் மத்தியானம் ரூம்லயேதான் சாப்பிடுவேன். தனியாத்தான்," என்றாள். "தோணினா வாங்க." அந்த வருடம் முடியும்வரை பேராசிரியை போனார். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே வாகன நிறுத்தத்தைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள்.

உரிமத் தேர்வில் மன்றத்து ஆட்கள் பேராசிரியையைச் சுற்றி வளைத்துக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர் இவர் எழுதிய பாடப்புத்தகத்தைப் படித்துத் தேறியவர். கேள்வி கேட்கவே கூச்சப்பட்டார். உரிமம் வந்தது. மேற்பார்வையாளர் அறிக்கையில், 'பயிற்சியாளர் தொடக்கத்தில் அமைதியைத் தாங்க இயலாதவராக இருந்தார். இப்போது இயலுகிறது' என்று இருந்தது. வாழ்நாளில் வாங்கிய பாராட்டுகளில் இதுதான் சிக்கனமானது என்று நினைத்துக்கொண்டார் பேராசிரியை.

ஆனால் அது வந்து சேர்ந்தபோது பல்கலைக்கழகத்தில் கதை மாறியிருந்தது. உரிமம் வைத்திருந்த சின்னவர்கள் இருவரில் ஒருவன் தனியார் நிறுவனத்துக்குப் போய்விட்டான். போகும் முன் வந்து, "மன்னிச்சுக்கோங்க மேடம், ரெண்டு பிள்ளைங்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அவன் இடத்தை நிரப்ப அரசு அனுமதி தரவில்லை. மூன்று பேர் வேண்டிய இடத்தில் மறுபடியும் இரண்டு பேர்.

கல்விக்குழுக் கூட்டத்தில் பேராசிரியை எழுந்து பேசினார். விலைகொடுத்துப் படிக்க முடியாத பிள்ளைகளுக்கு இந்த ஊரில் இருப்பது இந்த ஒரு படிப்புதான் என்றார். மேற்பார்வை ஏன் வேண்டும் என்று தன்னைவிடத் தெரிந்தவர் இங்கே இல்லை, சட்டத்தைத் தளர்த்தச் சொல்லவில்லை, ஓர் ஆளைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன் என்றார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். துணைவேந்தர், "மேடம் சொல்றதுல உண்மை இருக்கு," என்றார். பிறகு முதுகலை ஆலோசனைப் பிரிவுச் சேர்க்கை தற்காலிகமாக நிறுத்தப்படுவதாகத் தீர்மானம் நிறைவேறியது. தற்காலிகம் என்ற சொல்லுக்கு அந்த வளாகத்தில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். தற்காலிகக் கொட்டகையில்தான் கணிதத்துறை ஒரு தலைமுறையாக நடக்கிறது. துறைத்தலைவர் வெளியே வந்து பேராசிரியையின் பக்கத்தில் நடந்தார். தன் எலிகள் இருக்கும் கட்டடம் வந்ததும் திரும்பிக்கொண்டார்.

நூலகத்துப் பின்னறையை இப்போது பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மாணவர்களின் மனநலத்தை எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை பார்த்துக்கொள்ளும் என்று சுற்றறிக்கை வந்தது. உரிமம் இல்லாதபோது அறை இருந்தது. உரிமம் வந்தபோது அறை இல்லை. வாரத்தில் ஒரு நாள் மருத்துவமனையில் ஆட்களைப் பார்க்க அனுமதி கேட்டார் பேராசிரியை. கிடைத்தது. கடைசி பெஞ்சுக்கு அதற்குள் தலைநகரத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்த ஜன்னலோர அறையில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். அவர் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார்.

சேர்க்கைக் காலத்தில் பேராசிரியைக்கு இளங்கலைக் கவுன்ட்டரில் வேலை போட்டிருந்தார்கள். ஒரு தகப்பன், சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு, மகளை முன்னால் நிறுத்தினார்.

"சைக்காலஜின்னு பிடிவாதமா நிக்கறா மேடம். இங்க படிச்சா ஆள் பார்க்கலாம்ல? டாக்டருங்க மாதிரி?"

பக்கத்து நாற்காலியிலிருந்த எழுத்தர், ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோலப் பார்த்தார். இடங்கள் நிறையக் காலியாக இருந்தன.

"இங்க மனசைப் பத்திப் படிக்கலாம். நல்லாவே சொல்லித்தருவோம்," என்றார் பேராசிரியை. "ஆனா ஆள் பார்க்கணும்னா அதுக்கு மேல ரெண்டு வருஷம், அப்புறம் ஆஸ்பத்திரியில ஒரு வருஷம், அப்புறம் லைசென்ஸ். மேல்படிப்பு இங்க இப்ப இல்ல. வேற ஊருக்குத்தான் போகணும்."

தகப்பனின் முகம் வாடியது. மகளை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். இருவரும் புள்ளியியல் கவுன்ட்டர் பக்கம் நகர்ந்தார்கள். எழுத்தர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் மட்டும் திரும்பி வந்தாள். 

"மேடம், அந்த வேற ஊர் காலேஜ் பேரு? டிகிரி மூணு வருஷமும் அங்கயே படிச்சா சுலபமா?"

"சுலபம்தான். அங்க சொல்லித்தர ஆள் இருக்காங்க." ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிப் படித்தாள். போகாமல் நின்றாள். "அங்க எனக்கு யாரையும் தெரியாது."

"கொஞ்ச காலம் கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார் பேராசிரியை. "பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி ஹாஸ்டல்ல அழுகை வரும். ஆனா படிப்பு உண்மையான படிப்பு. உன்னைப் பக்கத்துல இருந்து பார்த்து, தப்புன்னா தப்புன்னு சொல்ல ஒருத்தர் இருப்பாங்க. அது எல்லாருக்கும் கிடைக்காது."

"அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

பேராசிரியை எழுந்து கவுன்ட்டருக்கு வெளியே வந்தார். தகப்பன் புள்ளியியல் வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார். அவரைத் தூண் பக்கம் அழைத்து, உட்காரவைத்து, அவருடைய பயங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளை தனியாக இருப்பது, தூரம், ஊர் வாய். அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம் காத்திருந்தார். வரிசை நகர்ந்து தகப்பனின் இடம் போய்விட்டது. அதை அவர் கவனிக்கவில்லை. கடைசியில், "யோசிக்கறேன் மேடம்," என்று எழுந்தார். அப்பாவும் மகளும் வெயிலில் இறங்கி, பிரதான வாயில் பக்கம் நடந்து போனார்கள். அந்தப் பெண் நடந்துகொண்டே அப்பாவிடம் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டு போனாள்.

பேராசிரியை திரும்பி வந்து கவுன்ட்டரில் உட்கார்ந்தார். மாலைவரை வேறு யாரும் வரவில்லை.